வாங்கிய டொமைனை வீட்டு சர்வருக்குத் திருப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொமைன் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று. வீட்டு அலமாரியில் ஒரு ராஸ்பெர்ரி பையோ பழைய லேப்டாப்போ வெப் சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் இணைப்பதுதான் பாக்கி. கீழே உள்ள பதில்கள் வீட்டு ஃபைபர் இணைப்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எல்லாப் பதில்களிலும் ஒரே எடுத்துக்காட்டு வரும்: டொமைன் உதாரணம்.இன், வெளி ஐபி 203.0.113.25, வீட்டுக்குள் சர்வரின் ஐபி 192.168.1.50. அந்த இடங்களில் உங்கள் விவரங்களைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கே கை வைக்க வேண்டும்? டிஎன்எஸ் பக்கத்திலா?

இல்லை. டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு உரிய ஐபி எண்ணைச் சொல்லும் முகவரிப் புத்தகம், அதன் ஒவ்வொரு பதிவும் ஒரு ரெக்கார்டு) கடைசி வேலை. பெயர் இல்லாமல், வெறும் எண்ணை வைத்து வெளியிலிருந்து உங்கள் சர்வரைத் திறக்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். அது முடிந்தால் டொமைனைத் திருப்புவது பத்து நிமிட வேலை. அது முடியாதபோது டிஎன்எஸ் ரெக்கார்டை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது. "டிஎன்எஸ் வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களில் பலருக்கு டிஎன்எஸ் சரியாகவே இருக்கும். அடைப்பு ரவுட்டரிலோ இணைப்பிலோ இருக்கும்.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'வான் ஐபி' என்று ஓர் எண் இருக்கும், ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி அது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி, உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் பப்ளிக் ஐபி, அதாவது இணையத்தில் எங்கிருந்தும் எட்டக்கூடிய முகவரி, இருக்கிறது. அடுத்த படிக்குப் போகலாம்.

வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 (நான்கு பகுதி எண்ணாக வரும் பழைய வகை) முகவரிகள் தட்டுப்பாடானதால், ஒரே வெளி ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு அது. இதற்கென்றே 2012இல் அந்த எண் தொகுதி ஒதுக்கப்பட்டது. சில இணைப்பு நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் எண்களையும் இதே வேலைக்குப் பயன்படுத்துகின்றன. வான் ஐபி 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது என்று பொருள். அதற்கான பதில் கீழே இருக்கிறது.

சிஜிநாட் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது?

ரவுட்டரில் போர்ட் (ஒரு சேவைக்கு உரிய எண்ணிட்ட வாசல்) திறந்து பயனில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். உங்கள் வாசல்வரை வராது. நான்கு வழிகள் உண்டு.

எளியது, இணைப்பு நிறுவனத்திடமே பப்ளிக் ஐபி கேட்பது. பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு ஸ்டாட்டிக், அதாவது மாறாத, ஐபி தருகின்றன. பேசும்போது இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்: நமக்குக் கட்டாயம் தேவைப்படுவது 'பப்ளிக்', 'ஸ்டாட்டிக்' வசதிக்காக. அவ்வப்போது மாறுகிற பப்ளிக் ஐபியையே தந்தால்கூட டைனமிக் டிஎன்எஸ் (கீழே விளக்கம் உண்டு) வைத்துச் சமாளிக்கலாம்.

இரண்டாவது, ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி. இந்தியாவில் ஐபிவி4 பங்கிடப்பட்ட இணைப்புகள் பலவற்றில் ஐபிவி6 கூடவே வருகிறது. அதில் சர்வருக்கே நேரடியாக உலக முகவரி கிடைத்துவிடும், ரவுட்டருக்கு வரும் அழைப்பை சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் தேவையில்லை. ஆனால் ஐபிவி4 மட்டுமே உள்ள அலுவலக நெட்வொர்க்கிலிருந்து வருகிறவர்களுக்கு உங்கள் தளம் திறக்காது. தனிப்பட்ட பயன்பாட்டுக்குப் போதும். ஊருக்கே காட்ட வேண்டிய தளத்துக்குப் போதாது.

மூன்றாவது, டனல். கிளவுட்ஃபிளேர் டனல் இதில் பலரும் பயன்படுத்துவது. சர்வரில் கிளவுட்ஃபிளேர்டி என்ற சிறு நிரலை ஓடவிட்டால், அது உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு அந்த வழியே வருகையாளர்களை உள்ளே கொண்டுவரும். எந்த போர்ட்டும் திறக்க வேண்டாம், ஐபி மாறினாலும் கவலையில்லை. டொமைனின் நேம்சர்வரை (அதன் ரெக்கார்டுகளை வைத்திருந்து பதில் சொல்லும் சர்வரை) அவர்களிடம் மாற்றியிருக்க வேண்டும். குறியாக்கம் அவர்களுடைய சர்வரில் ஒருமுறை அவிழ்ந்து மீண்டும் பூட்டப்படுகிறது என்பதையும் தெரிந்துகொண்டே இதைத் தேர்ந்தெடுங்கள். வலைப்பூவுக்கு அது பொருட்டே இல்லை. குடும்ப ஆவணங்களை வைக்கும் சர்வருக்கு யோசிக்க வேண்டும்.

நான்காவது, குறைந்த வாடகை விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்றை எடுத்து, அதற்கும் வீட்டுக்கும் வயர்கார்டு என்ற பூட்டிய தனி வழி போட்டு, விபிஎஸ்ஸின் ஐபிக்கு டொமைனைத் திருப்புவது. வேலை அதிகம், கட்டுப்பாடும் அதிகம். வீட்டுப் பக்கத்தில் 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' மதிப்பை 25 விநாடி என்று வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சிறிது நேரம் யாரும் வராதபோது சிஜிநாட் அந்த வழியை மறந்துவிடும், அடுத்து வருகிறவருக்குத் தளம் திறக்காது.

பப்ளிக் ஐபி இருக்கிறது. ரவுட்டரில் என்னென்ன செய்ய வேண்டும்?

சர்வருக்கு நிலையான உள் முகவரி கொடுப்பது முதல் வேலை. ரவுட்டரின் டிஹெச்சிபி (உள் முகவரிகளைப் பங்கிடும்) பகுதியில் 'ரிசர்வேஷன்' அல்லது 'அட்ரஸ் பைண்டிங்' என்று இருக்கும். அங்கே சர்வரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கருவிக்கு உரிய அடையாள எண்ணை) 192.168.1.50 என்ற எண்ணோடு கட்டிவையுங்கள். இதை விட்டுவிட்டால் ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பும்போது அந்த எண் யாருடைய போனுக்கோ போய்விடும், வருகையாளர்கள் அந்தப் போனின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். வைஃபையில் வைக்காமல் கேபிளில் இணைப்பது நல்லது. இரண்டுக்கும் மேக் முகவரி வேறு என்பதால், கேபிளில் இணைத்த பிறகே அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போர்ட் ஃபார்வர்டிங். சில ரவுட்டர்களில் இது 'விர்ச்சுவல் சர்வர்' என்ற பெயரில் நாட் (வெளி முகவரியை உள் முகவரியாக மாற்றும்) பகுதிக்குள் இருக்கும். இரண்டு விதிகள் போதும் (80 சாதாரண ஹெச்டிடிபிக்கு, 443 பூட்டிய ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு): வெளி 80 டிசிபி, உள்ளே 192.168.1.50இன் 80, வெளி 443 டிசிபி, உள்ளே 443. விதியைச் சேமிக்க மறுத்தாலோ, சேமித்த பிறகும் வெளியிலிருந்து ரவுட்டரின் லாகின் பக்கமே வந்தாலோ, ரவுட்டரின் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' அந்த போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். பாதுகாப்புக்காகவும் அது அணைந்தே இருக்க வேண்டும்.

ஃபைபர் நிறுவனம் பொருத்திய பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டரை வைத்திருப்பவர்களுக்கு இரட்டை நாட் வரும். முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பைக் கடத்திவிடும் நிலைக்கு) மாற்றி, இணைப்பின் லாகினான பிபிபிஓஇ பெயரையும் கடவுச்சொல்லையும் சொந்த ரவுட்டரில் போடுவது சுத்தமான தீர்வு. அதற்கு நிறுவனம் சம்மதிக்காவிட்டால், முதல் பெட்டியில் 80, 443 இரண்டையும் சொந்த ரவுட்டருக்கும், அங்கிருந்து சர்வருக்கும் என இரண்டு கட்டமாக ஃபார்வர்டு செய்யலாம்.

இப்போது சோதனை. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் 203.0.113.25 என்று பிரவுசரில் தட்டுங்கள். உங்கள் சர்வர் பேசினால் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. பேசாவிட்டால், வீட்டுக்குள் இன்னொரு கணினியிலிருந்து 192.168.1.50ஐத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால் கோளாறு சர்வரில்: ஃபயர்வால் தடுக்கலாம், அல்லது நிரல் 127.0.0.1இல், அதாவது அந்தக் கணினிக்குள் மட்டும், காத்திருக்கலாம். பின்னதுதான் அடிக்கடி நடக்கும். எல்லா முகவரிகளிலும் காத்திருக்கச் சொல்லும் 0.0.0.0 என்று மாற்றினால் சரியாகும். வீட்டுக்குள் திறந்து வெளியே திறக்காவிட்டால் ரவுட்டரைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் நிறுவனமே 80ஆம் போர்ட்டை அடைத்திருக்கலாம்.

வெளியே எல்லோருக்கும் திறக்கிறது. என் வீட்டு வைஃபையில் மட்டும் திறக்கவில்லை. ஏன்?

உள்ளிருந்து கிளம்பி, வெளி ஐபியைத் தொட்டு, மீண்டும் உள்ளே திரும்பி வரும் பாதையைப் பல ரவுட்டர்களுக்குக் கையாளத் தெரியாது. 'நாட் லூப்பேக்' என்ற வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லாவிட்டால், வீட்டுக்குள் ஒரு டிஎன்எஸ் சர்வர் வைத்து (பை-ஹோல் போதும்) உதாரணம்.இன் என்ற பெயருக்கு 192.168.1.50 என்று பதில் சொல்லவையுங்கள். ஒரே ஒரு கணினிக்கு என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

டிஎன்எஸ்ஸில் என்னென்ன ரெக்கார்டு போட வேண்டும்?

இரண்டே இரண்டு. பெயர் இடத்தில் @ (வெறும் டொமைன் என்று பொருள்) என்று போட்டு, பெயரை ஐபிவி4 எண்ணோடு இணைக்கும் ஏ ரெக்கார்டு, மதிப்பு 203.0.113.25. பிறகு டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற பெயருக்கு, ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் சிநேம் ரெக்கார்டு, மதிப்பு உதாரணம்.இன். ஐபி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்பதற்காகத்தான் இரண்டாவதை சிநேமாக வைக்கிறோம். @ இடத்திலேயே சிநேம் போட டிஎன்எஸ் விதி இடம் தராது. அங்கே ஏற்கெனவே என்எஸ் (நேம்சர்வர் யார் என்பது), எஸ்ஓஏ (டொமைனின் பொது விவரம்) ரெக்கார்டுகள் இருக்கின்றன, சிநேம் இருக்கும் பெயரில் வேறெதுவும் இருக்கக் கூடாது.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, பெயர்க் கட்டத்தில் @ போடாமல் முழு டொமைனையும் தட்டுவது. பல பேனல்கள் டொமைனைத் தாமாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும், ரெக்கார்டு உதாரணம்.இன்.உதாரணம்.இன் என்ற பெயரில் உருவாகிவிடும். இரண்டு, மதிப்பில் 192.168.1.50 என்று உள் முகவரியைப் போடுவது. வீட்டில் திறக்கும், வெளியில் ஒருவருக்கும் திறக்காது. மூன்றாவதுதான் ஆளை அலைக்கழிப்பது: பதிவு நிறுவனம் தன் விளம்பரப் பக்கத்துக்காக முன்பே போட்டுவைத்த ஏ ரெக்கார்டை நீக்காமல் உங்களுடையதைக் கூடுதலாகச் சேர்ப்பது. ஒரே பெயருக்கு இரண்டு ஏ ரெக்கார்டு இருந்தால் பதிலில் இரண்டு எண்ணும் வரும். ஒரு தடவை உங்கள் தளம், மறு தடவை 'இந்த டொமைன் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' பக்கம். பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைச் சேர்க்க வேண்டும்.

என் சர்வர் 8080இல் ஓடுகிறது. ஏ ரெக்கார்டில் போர்ட் எண்ணையும் சேர்க்கலாமா?

முடியாது. ஏ ரெக்கார்டு நான்கு பகுதி கொண்ட ஐபி எண்ணை மட்டுமே தாங்கும். போர்ட்டை ரவுட்டரில் மாற்றுங்கள்: வெளி 80, உள்ளே 8080. பதிவு நிறுவனத்தின் 'யூஆர்எல் ஃபார்வர்டிங்' வேறு சங்கதி. அது வருகையாளரை வேறு முகவரிக்கு அனுப்பிவிடும், முகவரிப் பட்டையில் உங்கள் டொமைன் நிற்காது.

நேம்சர்வரை மாற்ற வேண்டுமா?

டொமைன் வாங்கிய இடத்திலேயே ரெக்கார்டுகளைத் திருத்த முடிந்தால் வேண்டாம். ஏபிஐ (நிரல் மூலம் ரெக்கார்டைத் திருத்தும்) வசதி இல்லாததாலோ டனலுக்காகவோ மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய இடத்தில் டிஎன்எஸ்செக் (பதில்களைக் கையொப்பத்தால் உறுதிசெய்யும் ஏற்பாடு) இயக்கத்தில் இருந்தால் முதலில் அதை அணைத்து, அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிஎஸ் ரெக்கார்டு நீங்கிய பிறகு ஒன்றிரண்டு நாள் பொறுத்து நேம்சர்வரை மாற்றுங்கள். பழைய டிஎஸ் அப்படியே இருந்தால், புதிய பதில்களின் கையொப்பம் பொருந்தாது. சரிபார்க்கும் ரிசால்வர்கள் (பிரவுசருக்காகப் பெயரைத் தேடித் தரும் சர்வர்கள்) 'சர்வ்ஃபெயில்' என்று கைவிரிக்கும், சரிபார்க்காதவற்றில் தளம் திறக்கும். சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு இல்லை என்றால் இதையும் சந்தேகியுங்கள்.

48 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே?

அது நேம்சர்வர் மாற்றத்துக்குப் பொருந்தும் கணக்கு. .காம் மண்டலத்தில் என்எஸ் ரெக்கார்டின் டிடிஎல் (பதிலைச் சேமித்து வைக்கும் நேரம்) 1,72,800 விநாடி, அதாவது சரியாக 48 மணி நேரம். ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றும்போது அந்த ரெக்கார்டின் டிடிஎல்தான் கணக்கு. 3600 என்று இருந்தால் ஒரு மணி நேரம், 300 என்றால் ஐந்து நிமிடம். மாற்றுவதற்கு முந்தின நாளே டிடிஎல்லை 300க்குக் குறைத்துவிடுங்கள். மாற்றிய பிறகு குறைத்துப் பயனில்லை, பழைய பதிலைப் பழைய டிடிஎல்லோடு ரிசால்வர்கள் ஏற்கெனவே சேமித்திருக்கும்.

ரெக்கார்டைப் போடும் முன்பே பிரவுசரில் பெயரைத் தட்டிப் பார்க்கும் பழக்கமும் நேரத்தைத் தின்னும். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பதிலும் சேமிக்கப்படும், எவ்வளவு நேரம் என்பதை எஸ்ஓஏ ரெக்கார்டு தீர்மானிக்கிறது. சந்தேகம் வந்தால் டிக் அல்லது என்எஸ்லுக்கப் கட்டளையில் 1.1.1.1, 8.8.8.8 என்ற பொது ரிசால்வர்கள் இரண்டிடமும் கேளுங்கள். பிறகு உங்கள் டொமைனின் நேம்சர்வரிடமே நேரடியாகக் கேளுங்கள். நேம்சர்வர் சரியான எண்ணைச் சொன்னால் காத்திருந்தால் போதும். அதுவே தவறாகச் சொன்னால் ரெக்கார்டில்தான் பிழை, எத்தனை நாள் காத்திருந்தாலும் சரியாகாது.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஐபி மாறிவிடுகிறது. என்ன செய்யலாம்?

டைனமிக் டிஎன்எஸ். சர்வரில் டிடிகிளையன்ட் போன்ற ஒரு நிரலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டால், வெளி ஐபியைப் பார்த்து, மாறியிருந்தால் மட்டும் டிஎன்எஸ் நிறுவனத்தின் ஏபிஐ வழியாக ஏ ரெக்கார்டைத் திருத்தும். டிடிஎல் 300இலேயே இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தால் ஐபி மாறிய பத்து நிமிடத்தில் தளம் பெரும்பாலும் மீண்டுவிடும். ஏபிஐ சாவியைக் கொடுக்கும்போது அந்த ஒரு டொமைனின் டிஎன்எஸ்ஸை மட்டும் திருத்தும் அனுமதி கொடுங்கள். முழுக் கணக்கின் சாவியை வீட்டு சர்வரில் வைக்காதீர்கள்.

உங்கள் டிஎன்எஸ் நிறுவனத்தில் ஏபிஐ இல்லையா? டக்டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவையில் ஒரு பெயர் எடுத்து, ரவுட்டரோ சர்வரோ அதைப் புதுப்பிக்கும்படி வைத்து, டபிள்யூடபிள்யூடபிள்யூ பெயரை சிநேமாக அதற்குத் திருப்பலாம். வெறும் டொமைனை டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு யூஆர்எல் ஃபார்வர்டிங் செய்துகொள்ளுங்கள்.

ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் கிடைக்கவில்லை. 'டைம்அவுட்' என்கிறது.

லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. செர்ட்பாட் என்ற நிரல் வைத்து வாங்கலாம், கேடி சர்வர் என்றால் அதுவே வாங்கிக்கொள்ளும். டொமைன் உங்களுடையதா என்று பார்க்கும் வழக்கமான ஹெச்டிடிபி-01 சோதனை எப்போதும் 80ஆம் போர்ட் வழியாகவே வரும். "நான் 443 மட்டும்தானே திறக்கப் போகிறேன்" என்று 80ஐ மூடியவர்களுக்கு டைம்அவுட்தான் மிஞ்சும். சோதனை உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் வருவதால், இந்திய ஐபிக்களை மட்டும் அனுமதிக்கும் ஃபயர்வாலும் அதைக் கெடுக்கும். ஐபிவி6 முகவரியைச் சொல்லும் ஏஏஏஏ ரெக்கார்டு இருந்தால் முதலில் ஐபிவி6 வழியாகத்தான் வரும். அந்த ரெக்கார்டு பழையதாக இருந்தால் சோதனை தவறான வாசலுக்குப் போகும்.

இணைப்பு நிறுவனமே 80ஐ அடைத்திருந்தால் டிஎன்எஸ்-01 முறைக்கு மாறுங்கள். அதில் டொமைனின் கீழ் ஒரு டிஎக்ஸ்டி (உரை) ரெக்கார்டு போட்டு உரிமையைக் காட்டினால் போதும், எந்த போர்ட்டும் தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை தோற்றால் அந்தப் பெயருக்கு அப்போதைக்கு அனுமதி நின்றுவிடும். ஆகவே முதல் முயற்சிகளைச் சோதனைச் சூழலான 'ஸ்டேஜிங்'கில் செய்து பாருங்கள். வழக்கமான சான்றிதழ் 90 நாளுக்கானது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று செர்ட்பாட்டின் 'டிரை ரன்' வசதியில் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

வைஃபையில் திறக்கும் தளம் சிலருடைய மொபைல் டேட்டாவில் மட்டும் திறக்கவில்லை. டொமைனில் குறையா?

ஏஏஏஏ ரெக்கார்டைப் பாருங்கள். நம் ஊர் மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி6 பரவலாக இருக்கிறது, அந்த வழி இருந்தால் பிரவுசர் அதைத்தான் முதலில் நாடும். நீங்கள் ஐபிவி6 அமைக்காமலே, பதிவு நிறுவனம் போட்ட பழைய ஏஏஏஏ ரெக்கார்டு மீதமிருக்கலாம், நீக்குங்கள். நீங்களே அமைத்திருந்தால், அதில் இருப்பது ரவுட்டரின் முகவரியா சர்வரின் முகவரியா என்று பாருங்கள். சர்வருடையதுதான் இருக்க வேண்டும், அதுவும் நிலையானது. லினக்ஸ் கணினிக்குத் தற்காலிக ஐபிவி6 முகவரிகளும் இருக்கலாம், அவை ஒரு நாளில் மாறிவிடும். ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலிலும் 80, 443 இரண்டையும் அந்த முகவரிக்குத் திறந்துவிட வேண்டும்.

டொமைன் திறக்கிறது, ஆனால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் வரவேற்புப் பக்கம்தான் வருகிறது.

நல்ல செய்தி. பெயர், எண், ரவுட்டர் மூன்றும் சரி. சர்வருக்குத்தான் அந்தப் பெயர் தன்னுடையது என்று இன்னும் தெரியவில்லை. தளத்தின் அமைப்புக் கோப்பில் 'சர்வர் நேம்' வரியில் வெறும் டொமைன், டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்தது இரண்டையும் எழுதி, கோப்பைச் சோதித்து, மறு ஏற்றம் செய்யுங்கள்.

தமிழிலேயே டொமைன் வாங்கியிருக்கிறேன். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைன்கள் உண்டு. டிஎன்எஸ்ஸுக்குள் அவை எக்ஸ்என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு கோடும் முன்னால் வரும் பியூனிகோடு (தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கும்) வடிவத்தில்தான் பயணிக்கின்றன. சர்வர் அமைப்பிலும் சான்றிதழ் கோரும்போதும் அந்த வடிவத்தையே கொடுங்கள். மாற்றும் முன் பெயரைத் தட்டச்சு செய்த விதத்தைக் கவனியுங்கள். 'கொ' என்பதை ஒரே உயிர்மெய்க் குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். திரையில் ஒன்றுதான், ஆனால் ஒழுங்குபடுத்தாத கருவியில் பியூனிகோடு வேறாக வரும். 'ஔ' என்ற ஓர் எழுத்துக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் அடித்தால் எந்தக் கருவியும் காப்பாற்றாது, அது வேறு டொமைன். பதிவு நிறுவனத்தின் பக்கத்தில் காட்டும் பியூனிகோடை நகலெடுத்து ஒட்டுவதே பத்திரம்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

80, 443 தவிர எதையும் திறக்காதீர்கள். குறிப்பாக, தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச்சின் 22, டேட்டாபேஸின் 3306. வெளியிலிருந்து சர்வரைப் பராமரிக்க வேண்டுமானால் வயர்கார்டு வழியாக உள்ளே வாருங்கள். 'டிஎம்இசட்' வசதியில் சர்வரைப் போடச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள், அது எல்லா போர்ட்டையும் திறந்துவிடும். போர்ட் திறந்த சில மணி நேரத்துக்குள் லாகில் தெரியாத ஐபிக்கள் வந்து, இல்லாத வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடும். உங்களைக் குறிவைத்து வந்தவை அல்ல. உலகையே சல்லடை போடும் நிரல்கள். மென்பொருளைத் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கிவைத்தால் அவற்றில் பெரும்பாலானவை வெறுங்கையோடு போய்விடும்.

இதே சர்வரில் மின்னஞ்சலும் வைக்கலாமா?

வேண்டாம். வீட்டு இணைப்புகளில் 25ஆம் போர்ட் பெரும்பாலும் அடைத்திருக்கும், பின்னோக்கு டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) உங்கள் பெயரில் இருக்காது, போகும் கடிதம் ஸ்பேமில் விழும். கடிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை ஒரு மின்னஞ்சல் நிறுவனத்துக்குத் திருப்புங்கள். ஏ ரெக்கார்டு வீட்டுக்கும் எம்எக்ஸ் வேறிடத்துக்கும் போவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

24 மணி நேரமும் ஓடினால் மின்சாரம் எவ்வளவு ஆகும்? கரண்ட் போனால்?

ராஸ்பெர்ரி பை 5 வாட் எடுக்கிறது என்று வைத்தால் மாதம் 3.6 யூனிட். 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் மாதம் 43.2 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் அது 86 யூனிட்டைத் தாண்டும். வீட்டுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும்.

கரண்ட் போகும்போது எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு முறைமை கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்யுங்கள், கார்டை நம்பாதீர்கள். சர்வருக்கு மட்டும் யூபிஎஸ் போட்டுப் பயனில்லை. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் அணைந்தால் சர்வர் ஓடியும் யாருக்கும் தெரியாது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 12 வோல்ட். இரண்டு அடாப்டரிலும் எழுதியுள்ள ஆம்பியரைக் கூட்டி, அதற்குக் குறையாத சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்றை இரண்டுக்கும் பொதுவாகப் போடுங்கள்.

இரண்டு வாரம் நன்றாக ஓடிய புது டொமைன் திடீரென்று உலகம் முழுக்க நின்றுவிட்டது. எதையும் தொடவில்லை.

மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து, பதிவு நிறுவனம் அனுப்பிய சரிபார்ப்புக் கடிதத்தைத் தேடுங்கள். .காம் போன்ற பொது டொமைன்களில், பதிவு செய்தவரின் தொடர்பு விவரம் 15 நாளுக்குள் உறுதிசெய்யப்படாவிட்டால் டொமைன் நிறுத்திவைக்கப்படலாம். கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தினால், அல்லது பதிவு நிறுவனத்தின் தளத்தில் நுழைந்து மறுபடி அனுப்பச் சொன்னால், தடை நீங்கி நேம்சர்வர்கள் பழையபடி திரும்பும். சர்வரையோ ரவுட்டரையோ தொட வேண்டியதில்லை.